காரியாலயத்துச் சுவரும் கலண்டர் படமும்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா என்று எந்த டவுனுக்குப் போனாலும் தோட்டத் தொழிற்சங்கக் காரியாலயம் ஒன்று கண்ணில் படும். பெரும்பாலும் கடைக்கு மேலே மாடியில இருக்கும். ஒடுங்கிய படி, ஒரு மேசை, பைல் பிதுங்குற அலுமாரி, சுவரோரமா ஒரு நீள வாங்கு. மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஊறி பெயின்ட் உரிந்து நிற்கும். அழகு என்று சொல்ல எதுவுமில்லாத அறை. ஆனா அதே சுவரில் வரிசையா படங்கள் தொங்கும், சிலதுக்குப் பிளாஸ்டிக் மாலையும் இருக்கும். இந்த லீவில் அப்படி ஏழு காரியாலயங்களுக்கு ஏறி இறங்கினோம். காசில்லாத சங்கங்கள் இந்த அறைகளை எதைக் கொண்டு அலங்கரித்தன, யாருக்கு ஆணி அடித்தன, யாருக்கு அடிக்கவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில், காரியாலயம் ஏன் டவுனில் இருக்கு? தோட்டம் துரையுடைய தனிச்சொத்து. வெளியாள் உள்ளே போனால் அத்துமீறல் என்று பொலிசுக்குப் போகலாம். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்பது மலையகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தபோது அதன் மையம் ஹட்டன். லயத்துக்குள் கூட்டம் போட முடியாதவர்கள் பஜாரில்தான் கூடமுடியும்.

தோட்டத்து ஆபீஸையும் நினைத்துப் பாருங்கள். (யாழ்ப்பாணத்து நண்பர்கள் 'கந்தோர்' என்பார்கள், டச்சுக்காரன் விட்டுப்போன சொல். எங்களுக்கு அது ஆபீஸ்தான்.) அங்கே தொழிலாளிக்கு இடம் ஜன்னலுக்கு வெளியே. உள்ளே துரையும் கிளாக்கரும் செக்ரோல் புத்தகமும். வெளியே நின்றுகொண்டே பேசணும், நின்றுகொண்டே சம்பளம் வாங்கணும். அதனால சங்கக் காரியாலயத்தில் போட்ட அந்த வாங்கை நாங்கள் தளபாடம் என்று மட்டும் பார்க்கவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வச்சிட்டு வந்த ஒரு பொம்பளை, கோரிக்கை சொல்ல உட்கார்ந்த முதல் ஆபீஸ் அதுவாக இருந்திருக்கும். அலங்காரத்தில் ஆகச் சிறந்ததும் அதுதான்.

அப்புறம் படங்கள். 1927 நவம்பரில் காந்தி இலங்கை வந்து மலைநாட்டுக்கும் போனார். 1939 ஜூலையில் நேரு வந்தபோதுதான் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. 1950இல் அது இலங்கைத் தொழிலாளர் காங்கிரசாகப் பெயர் மாறியது. ஆகவே காந்தியும் நேருவும் மலையகச் சுவருக்கு வந்தது வெறும் இந்தியப் பாசத்தால மட்டும் இல்ல, அவர்கள் இந்தச் சங்கத்தின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. இடதுசாரிச் சங்கங்களில் மார்க்ஸும் லெனினும். 1965இல் வி. கே. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தை ஆரம்பித்த பிறகு வெள்ளையன். படத்தைப் பார்த்தாலே எந்தச் சங்கத்துப் படியேறி வந்திருக்கோம்னு சொல்லிடலாம்.

சாமி மட்டும் எல்லாச் சங்கத்துக்கும் பொது. அதுக்குக் காசே செலவில்லை. தைமாதம் நகைக்கடையும் புடவைக்கடையும் தருகிற கலண்டர்தான் மூலப்பொருள். வருஷம் முடிஞ்சதும் தேதித்தாளைக் கிழிச்சிட்டு முருகனையும் லட்சுமியையும் பிரேம் போடுவார்கள். சில பிரேம்களில் கடைப் பெயர் அடியில இன்னும் தெரியுது. இந்த முகங்களுக்குப் பின்னால் ஒரு ஊர் இருக்கு: கோவில்பட்டி. சி. கொண்டையராஜு என்ற ஓவியரும் அவருடைய சீடர்களும் அங்கே வரைந்த சாமிப் படங்களை சிவகாசி அச்சகங்கள் இலட்சக்கணக்கில் அச்சிட்டன. நாம் சாமி முகம் என்று மனசில் வச்சிருக்கிற முகத்தில் பாதி அந்தப் பட்டறையில் வரைந்தது. கடலுக்கு இந்தப்பக்கம் வளர்ந்த அச்சுப் படங்களும் அதே முகவெட்டைத்தான் பின்பற்றின.

மற்ற அலங்காரம் எல்லாம் தேயிலையிலிருந்தே வந்தது. பழைய பலகைத் தேயிலைப் பெட்டியை உடைத்து ராக்கை, ஸ்டூல். பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளித்தாள் மே தினத்துக்கும் தீபாவளிக்கும் தோரணம். தாத்தாமார் இதைச் சொல்லும்போது கண்ணில ஒரு குறும்பு இருக்கும், எப்படி வெளியே கொண்டுவந்தார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. சுவரின் வெடிப்பை மறைக்க பழைய வீரகேசரியும் தினகரனும், கோதுமை மா பசையில். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது, ஆனந்த விகடன் பக்கங்கள் சுவருக்கு வருவதும் குறைந்தது. 1973-74இல் தோட்டங்களில் பட்டினியால் சாவு விழுந்தது. ரொட்டிக்கே மா இல்லாத வருஷத்தில் பசைக்கு யார் மா கரைப்பார்கள்?

அலுமாரிக்குள் இருந்த படங்கள் வேறு வகை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1952இல் பிரதமர் காரியாலயத்துக்கு முன்னாலேயே மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. அந்த ஆபீஸிலும் நம்மவர்களுக்கு இடம் வெளியேதான். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. விண்ணப்பம் நிரப்புகிற இடமாகச் சங்கக் காரியாலயம் மாறியது. ஸ்டூடியோவில் போய் பாஸ்போட் சைஸ் போட்டோ எடுத்து வரணும். எத்தனையோ பேருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் போட்டோ அதுதான். தலைவர்கள் சுவரில் கண்ணாடிக்குள்ள, தொழிலாளிகள் பைலுக்குள்ள குண்டூசியில்.

சாதாரணத் தொழிலாளி சுவருக்கு ஏற வேண்டுமென்றால் சாக வேண்டியிருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பறிப்பதை எதிர்த்து நின்றபோது சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். நாங்கள் போன இரண்டு இடத்தில் சிவனு லெட்சுமணன் பெயர் இருந்தது, பெயின்டால் எழுதினது. 1983 ஜூலையில் நுவரெலியா டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. கடை எரிந்தால் மாடியும் சுவரும் அதோடுதான் போகும். அதனால இன்றைக்கு அங்கே இருக்கிற படங்களில் ரொம்பப் பழையதைத் தேடி அலையாதீங்க.

இங்கிலாந்தின் டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர்கள் 1871இலிருந்து ஆண்டு விழாவுக்குப் பதாகை தூக்கி வருகிறார்கள். பட்டுத்துணியில் வரைந்த தலைவர்கள், ஒவ்வொரு சுரங்கக் கிளைக்கும் தனித்தனி. பார்க்க அவ்வளவு அழகு. நம்மிடம் பட்டு இல்லை, கலண்டர் அட்டைதான் இருந்தது. ஆனா தலைவர் முகம், தலைவர் முகம், தலைவர் முகம் என்ற வரிசையில் ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஏழு காரியாலயத்திலும் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். லட்சுமி, சரஸ்வதி, மாரியம்மன் தவிர பெண் படம் இந்திரா காந்தி மட்டும், அதுவும் ஒரே இடத்தில். தோட்டத் தொழிலாளிகளில் பாதிக்கு மேல் பெண்கள். சம்பளத்தில் சந்தா வெட்டுவது அவர்களுக்கும்தான். படத்துக்குப் பூ வைப்பதும், மே தினத்துக்கு முன்னால் அறையைக் கூட்டிக் கழுவுவதும் அவர்கள்தான். இல்லாத ஆளைக் கேட்கவில்லை நாங்கள். மீனாட்சியம்மை இருக்கிறார். நடேசய்யரின் மனைவி என்று ஒரு வரியில் கடந்துபோகிற அவர், கூட்டங்களில் தானே பாட்டு எழுதிப் பாடி ஆட்களைத் திரட்டியவர். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று பாட்டுப் புத்தகமும் போட்டார். பேச்சுக்கு முன்னால் பாட்டு என்ற மலையகக் கூட்ட வழக்கத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கு ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

இப்போது படமே மாறிவிட்டது. பிளெக்ஸ் வந்த பிறகு தலைவர் முகம் கதவளவு, மற்றவர்கள் அடியில் தபால்தலை அளவு. மலிவுதான், ஒரே நாளில் அச்சாகி வரும். ஆனா பழைய கலண்டர் சுவரில் எல்லாப் படமும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். நேருவும் முருகனும் ஒரே உயரத்தில் தொங்கினார்கள். எங்களுக்கு அந்தச் சுவர்தான் பிடித்திருக்கு.

கடைசியாகப் போன காரியாலயத்தில் மீனாட்சியம்மை பெயரும் அந்தப் புத்தகத் தலைப்பும் எழுதி மாட்டலாமா என்று கேட்டோம். டைப் அடிக்கிற அக்கா சுற்றிப் பார்த்தார். "இடம் எங்க தங்கச்சி இருக்கு?" மூன்று சுவரும் நிறைந்திருந்தது, நாலாவதில் ஜன்னல். வாங்குக்கு மேலே மட்டும் வெறும் சுவர். அங்கே உட்கார்ந்து சாய்ந்தவர்களின் தலையெண்ணெய் நீளமாக ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தது. அதுக்கு மேல ரெண்டரை அடி இருக்கு, அளந்து பார்த்தோம். தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அக்கா. படியிறங்கும்போது கூப்பிட்டு ஒன்று சொன்னார், "கண்ணாடி போட்டே கொண்டாங்க. இங்க ஈரத்துக்கு வெறும் பேப்பர் ரெண்டு மாசம் தாங்காது."