ஏழடிக் கால்வாய்ப் படகு

கடலில் செல்லும் கலத்தின் வடிவத்தை அலையும் காற்றும் நிச்சயிக்கின்றன. ஆற்றில் செல்லும் ஓடத்தின் வடிவத்தை ஆழமும் நீரோட்டமும் நிச்சயிக்கின்றன. ஆனால் இங்கிலாந்தின் மத்தியப் பிரதேசத்துக் கால்வாய்களில் இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஓடிவரும் ஒடுங்கிய படகின் வடிவத்தை நிச்சயித்ததோ, கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட ஒரு தொட்டியாகும். நீளம் ஏறக்குறைய 70 அடி, அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு என்னும் அந்தப் பிரமாணத்தை ஒரு பொறியாளர் தம் காலத்து நிர்ப்பந்தங்களை எண்ணி வகுத்தார். அவருக்குப் பின்வந்த தச்சர்களும் கருமார்களும் சித்திரக்காரர்களும், படகே வீடாக வாழ்ந்த குடும்பங்களும், அதனை ஒரு குறையாகக் கொள்ளாமல் அதற்குள்ளேயே பூரணமான ஒரு கலையை உருவாக்கினர். அந்தத் தொழிலின் வரலாறு, நெருக்கடியான எல்லைக்குள் மனித புத்தி எவ்வளவு விசாலமாக இயங்கக்கூடும் என்பதற்குச் சிறந்ததோர் அத்தாட்சி.

பிரிட்ஜ்வாட்டர் பிரபு வொர்ஸ்லியிலிருந்த தம் நிலக்கரிச் சுரங்கங்களை மான்செஸ்டர் நகரத்தோடு இணைக்க வெட்டிய கால்வாய் 1761ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதும், அந்நகரில் நிலக்கரியின் விலை பாதியாகக் குறைந்தது. கரடுமுரடான சாலையில் இரண்டு டன் பாரத்தை இழுக்கவே திணறும் குதிரை, நீரில் மிதக்கும் படகைக் கரையோரப் பாதையிலிருந்து கயிறு கட்டி இழுக்குமானால் இருபத்தைந்து டன்னையும் எளிதில் நகர்த்திவிடும் என்பதைத் தேசம் கண்கூடாகக் கண்டது. அந்தக் கால்வாயில் பணியாற்றிப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பிரிண்ட்லி என்பவர், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத ஆலைத் தச்சர். ஆயினும் டிரென்ட், மெர்சி, செவர்ன், தேம்ஸ் என்னும் நான்கு ஆறுகளையும் சிலுவைபோல் குறுக்கும் நெடுக்குமாக இணைத்துவிட வேண்டும் என்ற மகத்தான எண்ணத்தைக் கொண்டிருந்தார். அதன் முதல் அங்கமாகிய டிரென்ட்–மெர்சி கால்வாய்க்கு 1766இல் பாராளுமன்றம் அனுமதி வழங்கியது. பீங்கான் தொழிலில் பெயர்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட் முதல் மண்ணை வெட்டித் தொடங்கிவைத்தார்.

மேட்டுநிலத்தைக் கடக்கும் கால்வாய்க்குப் படகை ஏற்றி இறக்கும் சாதனம் வேண்டும். இரு முனைகளிலும் கதவுகள் பொருத்திய தொட்டிக்குள் படகை நிறுத்தி, நீரைப் புகவிட்டால் அது உயரும். நீரை வெளியேற்றினால் தாழும். லாக் எனப்படும் இந்தத் தொட்டியைப் படகு ஒவ்வொரு முறை கடக்கும்போதும், ஏழடி அகலமுள்ளதிலேயே, சுமார் 25,000 காலன் நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு இறங்கிவிடுகிறது. மலையுச்சியில் நீர் அருமை. அதோடு ஹேர்காசில் குன்றைக் குடைந்து ஒன்றரை மைலுக்கு மேற்பட்ட சுரங்கம் அமைக்க வேண்டியிருந்தபடியால், அகலம் ஓரடி கூடினாலும் செலவு பெருகும். இவற்றையெல்லாம் சீர்தூக்கியே பிரிண்ட்லி ஏழடி அகலத்தைத் தேர்ந்தார். அப்படியும் ஹேர்காசில் சுரங்கம் முடியப் பதினோரு ஆண்டுகள் சென்றன. 1777இல் கால்வாய் பூர்த்தியாவதைக் காணாமல் அவர் 1772லேயே காலமானார். குதிரை நடக்கப் பாதை இல்லாத அந்தச் சுரங்கத்தில், ஆட்கள் படகின்மேல் மல்லாந்து படுத்துச் சுவரைக் கால்களால் உதைத்து உதைத்தே அதனை நகர்த்தினர். குதிரையோ குன்றின் மேல்வழியாக மறுபுறம் சென்று காத்திருந்தது. அடுத்தடுத்து வெட்டப்பட்ட கால்வாய்கள் பலவும் அதே அளவை மேற்கொண்டதால், 1790இல் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் முடிவுற்றபோது ஏழடி என்பது ஒரு பிராந்தியம் முழுவதற்கும் மாற்றவொண்ணாத சட்டமாகிவிட்டது.

இந்தச் சட்டத்துக்குட்பட்டுப் படகு கட்டும் பட்டறைகள் கால்வாய்க் கரைகளெங்கும் தோன்றின. அணியத்துக்கும் அமரத்துக்கும் நடுவே இருந்த நீண்ட உடல் ஏறக்குறைய ஒரு பெட்டியே என்றாலும், இரு முனைகளிலும் பலகைகள் அழகாக வளைந்து குவிய வேண்டும். அந்த வளைவு சரியாக அமைந்தால்தான் நீர் இலகுவாக விலகும், குதிரைக்குச் சிரமம் குறையும். பக்கங்களுக்கு ஓக் மரமும், அடித்தளத்துக்கு எல்ம் மரமும் கொண்டனர். எல்ம், நீரில் எப்போதும் மூழ்கியிருக்கும்வரை எளிதில் உளுத்துப்போவதில்லை. அடிப்பலகைகளைக் குறுக்குவாட்டில் பரப்பி, முழங்கால்போல் வளைந்த கட்டைகளால் பக்கங்களோடு பிணைத்தனர். கனமான ஓக் பலகையை நீராவிப் பெட்டிக்குள் வைத்து, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்னும் கணக்கில் வேகவைத்து, வெளியே எடுத்த கணமே சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தூக்கியோடி, சூடு ஆறுமுன் படகின் வளைவோடு இறுக்கிப் பிணிப்பார்கள். வரைபடம் என்று ஒன்றைப் பெரும்பாலான பட்டறைகள் வைத்துக்கொண்டதில்லை. அளவுகள் தந்தையின் கண்ணிலிருந்து மகனின் கண்ணுக்கு இறங்கிவந்தன.

பலகைகளுக்கிடையே உள்ள சந்துகளில் பழங்கயிற்று நாரைத் திணித்துக் கலப்பற்றி, காய்ச்சிய கீலை ஊற்றி அடைத்தபின், தாரையும் குதிரைச் சாணத்தையும் மாட்டுமயிரையும் கலந்து காய்ச்சிய சாலிகோ என்னும் குழம்பைச் சூடாகப் பூசுவதும் உண்டு. சரக்கு ஏறும் நடுப்பகுதியில் பக்கங்கள் பாரத்தால் வெளியே பிதுங்காதிருக்கக் குறுக்கு உத்திரங்களும் சங்கிலிகளும் பொருத்தப்பட்டன. ஏழடி லாக்கில் நுழையும் படகு ஓர் அங்குலம் புடைத்தாலும் சிக்கிக்கொள்ளுமாதலால், இது மிகவும் முக்கியமான ஏற்பாடு. கால்வாய் ஒடுக்கமானது, எதிர்க்கரை அருகிலேயே இருக்கும், ஆகவே முடிந்த படகை முனை முன்னாகத் தள்ளாமல் பக்கவாட்டிலேயே நீரில் இறக்கினர்.

1830ஆம் ஆண்டில் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதை திறக்கப்பட்டதிலிருந்து கால்வாய்களின் பொற்காலம் மங்கத் தொடங்கியது. ரயிலோடு போட்டியிட்டுக் கட்டணம் குறையக் குறைய, படகோட்டி கூலியாள் வைத்துக்கொள்ள இயலாதவனாகி, வாடகை வீட்டையும் விட்டுவிட்டு, மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டான். சரக்குக்கே இடம் வேண்டுமாதலால், குடும்பத்துக்குக் கிடைத்தது அமரத்தில் இருந்த, பத்தடி நீளத்துக்கும் குறைவான ஓர் அறை. அந்த அறையை அமைப்பதில் தச்சர்கள் காட்டிய சாமர்த்தியம் வியக்கத்தக்கது. வாசலில் இறங்குவதற்கு வைத்த படியே கரிப்பெட்டி. இடப்பக்கம் இரும்பு அடுப்பு. அதையடுத்து நிற்கும் அலமாரியின் கதவைக் கீழே சாய்த்தால் அது மேஜை. வலப்பக்கத்துப் பலகை பகலில் ஆசனம், இரவில் குழந்தைகளின் படுக்கை. முன்கோடியில் குறுக்கே விரிந்து பெரியவர்களுக்கான கட்டிலாகும் பலகை, பகலில் மடங்கி அலமாரிக்குள் மறைந்துவிடும். ஒரே பொருளுக்கு இரண்டு வேலை கொடுக்காமல் எதையும் அங்கே வைக்க முடியாது.

அவ்வளவு சிறிய இடத்தையும் அவர்கள் அலங்காரமில்லாமல் விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கதவுகளிலும், நீர்க்குடங்களிலும், அலமாரிகளிலும் ரோஜாக் கொத்துகளும், ஏரிக்கரைக் கோட்டைகளும் செழும் வர்ணங்களில் தீட்டப்பட்டிருந்தன. சுவரில் சரிகைபோல் ஓரம் துளைத்த பீங்கான் தட்டுகளும் பளபளக்கும் பித்தளைக் குமிழ்களும் தொங்கின. பிரான்ஸ்டன் ஊரின் நர்சர் பட்டறை போன்ற இடங்களில், படகு கட்டுவோரே சித்திரமும் தீட்டினர். பழகிய கண், ஒரு ரோஜாவின் இதழைப் பார்த்தே அது எந்தப் பட்டறையில் மலர்ந்தது என்று சொல்லிவிடும்.

ஆயினும் அந்த அழகினுள்ளே வறுமையும் நெருக்கடியும் இருந்ததை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. பிள்ளைகளுக்குக் கல்வி வாய்க்கவில்லை; நோய் எளிதில் பரவியது. கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்னும் சீர்திருத்தவாதி இடைவிடாது வாதாடியதன் பயனாக 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. குடியிருக்கும் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 60 கன அடி, குழந்தைக்கு 40 கன அடி காற்றிடம் இருக்க வேண்டும் என்றும் விதிகள் ஏற்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் குதிரைக்குப் பதிலாக எந்திரம் வந்தது. ஃபெல்லோஸ் மார்ட்டன் அண்ட் கிளேட்டன் என்னும் பெரிய சரக்குக் கம்பெனி 1912 முதல் ஸ்வீடன் தேசத்து போலிண்டர் எந்திரங்களைப் பொருத்தத் தொடங்கியது. எந்திரப் படகு ஒன்று தன் பின்னே எந்திரமில்லாத துணைப்படகு ஒன்றை இழுத்துச் செல்லும் வழக்கம் நிலைபெற்றது. மரத்தோடு இரும்பும் எஃகும் போட்டியிட்டன. 1930களில் கிராண்ட் யூனியன் கால்வாய்ச் சரக்குக் கம்பெனி பெருந்தொகையாகப் படகுகள் வேண்டியபோது, ரிக்மன்ஸ்வொர்த்தின் வாக்கர் பட்டறை மரத்திலும், நார்த்விச்சின் யார்வுட் பட்டறை எஃகிலும் அவற்றைக் கட்டின. பெல்ஃபாஸ்டில் டைட்டானிக் கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் ஸ்தாபனமும், வுல்விச்சிலிருந்த தன் தளத்தில் இந்த ஏழடிப் படகுகளைக் கட்டியது என்பது பலர் அறியாத செய்தி.

எனினும் லாரிகளோடு போட்டியிட இயலவில்லை. 1948இல் கால்வாய்கள் தேசவுடைமையாயின. 1962–63ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் வாரக்கணக்கில் நீர் உறைந்து படகுகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட, இழந்த வாடிக்கையாளர் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. நிலக்கரி ஏற்றிக்கொண்டு சவுத்தாலின் ஜாம் தொழிற்சாலைக்குச் சென்றுவந்த கடைசி ஒழுங்கான நெடுந்தூரப் போக்குவரத்தும் 1970இல் நின்றது.

சரக்கு அழிந்தும் படகு அழியாமைக்குக் காரணமான நிகழ்ச்சி, அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, பான்பரி நகரின் டூலி பட்டறையில் அமைதியாக நடந்தது. எல். டி. சி. ரோல்ட் என்னும் பொறியாளர், கிரெஸ்ஸி என்ற மரப்படகை 1939இல் அங்கே வசிப்பதற்கேற்பத் திருத்தியமைத்தார். சரக்கிருந்த இடம் படிக்கும் அறையாகவும் சமையலறையாகவும் குளியல் தொட்டியோடு கூடிய குளியலறையாகவும் மாறியது. அந்தப் படகில் தம் மனைவியோடு செய்த யாத்திரையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1944இல் வெளிவந்தது. அதைப் படித்து நெகிழ்ந்த ராபர்ட் ஐக்மன் என்பவர் அவரோடு சேர்ந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தை நிறுவினார். தூர்ந்துகொண்டிருந்த கால்வாய்களைக் காக்க எழுந்த இயக்கம் வலுப்பெற்றது. 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், உல்லாசப் பிரயாணத்துக்குரிய நீர்வழிகள் என்றே ஒரு வகுப்பை ஏற்படுத்தி அவற்றின் பராமரிப்புக்கு வழிசெய்தது.

அதன்பின் படகு கட்டும் தொழிலுக்கு மறுபிறவி வாய்த்தது. இன்று எழும் புதிய படகின் உடல் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து ஆக்கப்படுகிறது. அடித்தகடு 10 மில்லிமீட்டர் கனம், பக்கங்கள் 6, அறையின் மேற்பகுதி 4 என்பது வழக்கமான கணக்கு. உராய்வு மிகுந்த இடத்தில் கனமும், பாரம் குறைய வேண்டிய உயரத்தில் மென்மையும் வேண்டும் என்னும் நியாயமே அதில் அடங்கியுள்ளது. பாலங்களின் வளைவில் மோதாதிருக்க அறையின் சுவர்கள் மேலே போகப்போக உட்புறமாகச் சாய்கின்றன. இங்கிலாந்தின் வடபகுதியில் சில லாக்குகள் குட்டையானவை. அவற்றிலும் செல்ல விரும்புவோர் 57 அடி நீளத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

உடல் முடிந்தபின் தொடங்கும் உள்வேலை, பொறுமையின் பரீட்சை எனலாம். வெறும் எஃகுப் படகு நீரில் உயர மிதந்து தள்ளாடும். ஆகவே தரைக்கடியில் செங்கல்லையோ கற்பலகைகளையோ பரப்பிப் பாரம் ஏற்றுகிறார்கள். குளிர்காலத்தில் இரும்பின் உட்புறம் வியர்த்துத் துருப்பிடிக்குமாதலால், உள்ளேயுள்ள ஈரக்காற்று அதனைத் தொடாதபடி நுரையைப் பீச்சிச் சுவரெங்கும் படிய வைக்கிறார்கள். பின்னர் மின்கம்பிகளும் குழாய்களும் செல்கின்றன. அதன்பின்னரே மரப்பலகைகளால் சுவர் மூடப்படும். சமையலுக்கு உருளைகளில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் குளம்போல் தேங்கி ஆபத்தை விளைவிக்கும். ஆகவே உருளைகளைத் தனி அறையில் வைத்து, அதன் தரையிலிருந்து வெளியே நீர்மட்டத்துக்கு மேல் திறக்கும் துவாரம் அமைக்கிறார்கள். ஒரு பக்கம் அடுப்பும் அலமாரியும் அமைந்தால் மறுபக்கம் அதற்கீடான பாரம் வைக்காவிடில் படகு சாய்ந்தே நிற்கும். குடிநீர்த் தொட்டி நிறையும்போதும் வற்றும்போதும் அணியம் தாழ்ந்து உயரும். வீட்டில் அலமாரியை எங்கே வைப்பது என்பது அழகைப் பற்றிய கேள்வி. படகிலோ அது நிறுவையைப் பற்றிய கேள்வி. இறுதியாக அடிப்பகுதிக்குக் கரிய பிட்டுமன் பூசி, துருவைத் தான் ஏற்றுப் படகைக் காக்கும் மக்னீசியக் கட்டிகளைப் பற்றவைத்து நீரில் இறக்குகிறார்கள். பூச்சை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழை நான்கு ஆண்டுகளுக்கொரு முறை பெற வேண்டும்.

ஓக் போய் எஃகு வந்தது. கலப்பற்று போய்ப் பற்றவைப்பு வந்தது. கீல் போய்ப் பிட்டுமன் வந்தது. நிலக்கரி ஏறிய இடத்தில் மனிதர் வாழ்கின்றனர். மாறாதது அகலம் ஒன்றே. பிரிண்ட்லி வகுத்த ஏழடி, வாணிகத்துக்குச் சிறியதாகித் தோற்றது. ஆனால் ஒரு குடும்பம் தானே செலுத்தி, தானே பேணி, தானே வாழக்கூடிய அளவாக அது இருந்தமையால்தான் வாணிகம் அழிந்தபின்னும் அந்தப் படகைக் கைவிடாத மக்கள் இருந்தனர். அவர்கள் கால்வாயில் வாழ்ந்ததனாலேயே அதைக் காக்கப் போராடினர். வெறும் நினைவுச் சின்னமாக வேலியிட்டு வைத்திருந்தால் அது என்றோ தூர்ந்திருக்கும். 2012 முதல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இயங்கும் ஏறக்குறைய இரண்டாயிரம் மைல் நீர்வழிகளில் இன்றும் படகுகள் ஓடுகின்றன. பழந்தொழிலைக் காக்க விரும்புவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்: தொழிலுக்குப் புதிய பயன் ஒன்றைக் கண்டு கொடுப்பதே அதைக் காக்கும் உத்தமமான வழி.