கடைசி ஆள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. வழக்கமான நடைக்குக் கிளம்பிய என்னை என் பேரன், "தாத்தா, எங்க கூட்டத்தை ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு அழைத்துப் போனான். அங்கே பதினான்கு பேர் சைக்கிளோடு நின்றிருந்தார்கள். தடித்த டயர், முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், தலையில் ஹெல்மெட். பாங்கில் வேலை பார்க்கிறவர், பல் டாக்டர், கல்லூரிப் பெண்கள் இருவர் என்று கலவையான கூட்டம். ஒருவர் தலைகளை எண்ணினார். இன்னொருவர், ஐம்பது வயது இருக்கும், பம்ப்பும் பஞ்சர் சாமான்களும் முதுகுப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் ஓரமாக நின்றார்.

"அவரு யாருடா, பெரியவரா இருக்காரு?" என்று கேட்டேன்.

"அவருதான் தாத்தா இன்னிக்குக் கடைசி ஆளு. அவருக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது. யார் நின்னாலும் அவரும் நிப்பாரு."

அவர்கள் கோட்டக்குப்பம் பக்கம் போய் மறைந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அரசாங்க குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருடம் இருந்தவனுக்கு எதையும் முதல் தாளிலிருந்து புரட்டினால்தான் திருப்தி. ஆகவே இந்தப் பழக்கம், அதாவது கூட்டமாகச் சேர்ந்து கரடுமுரடான வழியில் சைக்கிள் விடுகிற பழக்கம், எங்கிருந்து வந்தது என்பதை எனக்குத் தெரிந்த வரை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பெயர். இங்கே எல்லோரும் 'மவுண்டன் பைக்' என்கிறார்கள். புதுச்சேரியில் மலை ஏது? வடமேற்கே உள்ள செம்மண் மேடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர். அதுதான் நம் இமயம். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'வே தே தே' என்று மூன்று எழுத்தில் சொல்கிறார்கள். விரித்தால் 'வெலோ தூ தெரேன்', எல்லா நிலத்துக்குமான சைக்கிள். நமக்கு இதுதான் பொருத்தம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒருவர், மொழிபெயர்ப்புப் பாடம் போரடிக்கும்போது வெலோசியோ கதை சொல்வார். அவருடைய உண்மைப் பெயர் போல் த விவி. 1853இல் பிறந்தவர். சேந்த் எத்தியேன் நகரில் பட்டு வியாபாரத்தில் இருந்தவர், அதை விட்டுவிட்டு சைக்கிள் தொழிலில் இறங்கினார். 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். சைவச் சாப்பாடு. வாத்தியார் இதைச் சொல்லும்போது வகுப்பில் இருந்த முதலியார் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்!

அவருடைய பிடிவாதம் கியர். மலை ஏறுவதற்கு ஒரு பல்சக்கரம், சமதரைக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. பந்தயக்காரர்கள் சிரித்தார்கள், அது கிழவர்களுக்கும் பெண்களுக்கும் என்றார்கள். தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கவே இல்லை. வெலோசியோவோ ஊருக்கு மேலே இருக்கும் 1,161 மீட்டர் உயரக் கணவாய்க்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஏறிக்கொண்டே இருந்தார். ஈஸ்டர் விடுமுறையில் சிநேகிதர்களோடு தெற்கே புரோவான்ஸ் பக்கம் போவார். வேகத்துக்காக அல்ல, பார்ப்பதற்காகவும் சேர்ந்து சாப்பிடுவதற்காகவும். வீறாப்புக்காக மிதிக்காதே என்பது அவர் சீடர்களுக்குச் சொன்ன புத்திமதிகளில் ஒன்று. 1930இல், ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனபோது டிராம் மோதி இறந்தார். மலைகள் ஒன்றும் செய்யவில்லை, டிராம் செய்தது.

அதே காலத்தில் இன்னொரு முறையும் இருந்தது. 1904இல் பிரான்சில் தொடங்கிய 'ஒதாக்ஸ்' சவாரிகளில் முன்னால் ஒரு தலைவர் போவார். அவர் வைத்த வேகம்தான் எல்லோருக்கும் வேகம், அவரை யாரும் முந்தக்கூடாது. பட்டாள நடை மாதிரி. எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் ஒன்று, கூட்டம் சிதறாது.

இதெல்லாம் ரோடும் மலைப்பாதையும். காட்டுக்குள், சேற்றில், பள்ளத்தில் போனவர்கள் யார்? அமெரிக்கர்கள் தாங்கள்தான் என்பார்கள். ஆனால் 1951 முதல் 1956 வரை பாரிஸ் நகரத்தின் வெளிப்புறத்தில் இருபது இளைஞர்கள் 'வெலோ குரோஸ் கிளப் பாரிசியேன்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சாதாரண சைக்கிளை எடுத்து, அதில் மோட்டார் சைக்கிள்காரர்கள் மாதிரி ஸ்பிரிங் ஃபோர்க்கெல்லாம் மாட்டி மேடு பள்ளங்களில் குதித்து விளையாடினார்கள். ஐந்து வருடத்தில் அது முடிந்துவிட்டது. 1955இல் இங்கிலாந்தில் லெம்ஸ்டர் என்ற சிறிய ஊரில் 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்ற சங்கம் உண்டானது. தார் ரோட்டை விட்டு விலகி மாட்டுத்தடங்களிலும் குன்றுப் பாதைகளிலும் போவதே நோக்கம். முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அது இன்றும் இருக்கிறது.

தோளில் தூக்கிக்கொண்டு என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. சரி, அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

1966, டிசம்பர் விடுமுறை. எனக்குப் பதினாறு வயது. எங்கள் தெருப் பையன்கள் ஐந்து பேர் பொம்மையார்பாளையத்துக்கு மேலே உள்ள செம்மண் பள்ளங்களுக்குப் போவோம். இப்போது அங்கே போகிறவர்கள் காட்டைப் பார்க்கிறார்கள். அன்று காடு கிடையாது. ஆரோவில் தொடங்கியதே 1968 பிப்ரவரியில்தான். மரம் வைத்தது அதற்குப் பிறகு. அன்று வெறும் பொட்டல், மழைத்தண்ணீர் அறுத்த ஆழமான ஓடைகள், அங்கங்கே பனை. பெரிய மழை பெய்தால் செம்மண் கரைந்து கடல் சிவப்பாகும். அந்த ஓடைகளின் சரிவில் சைக்கிளில் இறங்குவதுதான் எங்கள் வீரம். அப்பா காலத்தில் கோட்டக்குப்பத்தில் எல்லை இருந்தது, சுங்கக்காரர்கள் சைக்கிள் கேரியரைக் கூடச் சோதிப்பார்கள் என்று அவர் சொல்வார். 1954க்குப் பிறகு அதெல்லாம் போயிற்று. எங்களுக்குத் தடையே இல்லை.

நான்கு பேரிடம் வாடகை சைக்கிள், மணிக்கு 10 பைசா. ஐந்தாவது பையன் சொல்தா வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுக் கப்பலில் வரும்போது ஒரு பெஷோ சைக்கிள் கொண்டுவந்திருந்தார். கியர் வைத்தது. வாத்தியார் சொன்ன வெலோசியோ வண்டி! எங்களுக்கு அதன் மேல் ஆசை, அதனாலேயே அவன் மேல் கொஞ்சம் எரிச்சல். அதை இன்று ஒளிக்க வேண்டியதில்லை.

அன்று மாலை ஐந்தரைக்கு, ஓடைச் சரிவில் இறங்கும்போது அவன் கியர் கருவி வளைந்து பின்சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டது. சக்கரம் சுற்றவில்லை. நாங்கள் சிரித்தோம். "பிரெஞ்சு வண்டிக்கு நம்ம மண்ணு ஒத்துக்கலடா" என்றது நான்தான். டிசம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும். எங்கள் வண்டிகளில் லைட் கிடையாது. லைட் இல்லாமல் ஊருக்குள் நுழைந்தால் சிவப்புத் தொப்பிப் போலீஸ் டயரில் காற்றைப் பிடுங்கிவிடும். வாடகை நேரமும் ஏறிக்கொண்டிருந்தது. "நீ தள்ளிக்கிட்டு வா, நாங்க சைக்கிளை விட்டுட்டு எதுக்க வர்றோம்" என்று சொல்லிவிட்டு நான்கு பேரும் கிளம்பினோம்.

நாங்கள் எதிரே போகவில்லை. கடையில் வண்டியை விட்டோம், வீட்டுக்குப் போனோம், நான் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு அவன் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். "தம்பி, உன்கூடத்தானே வந்தான்?" "பின்னாடி வந்துக்கிட்டு இருக்கான்மா" என்றேன். அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் உள்ளே போகவும் முடியாமல், வெளியே ஓடவும் தோன்றாமல் நின்றேன்.

ஒன்பதரைக்கு வந்தான். சக்கரம் சுற்றாத வண்டியைத் தள்ள முடியுமா? பத்து கிலோமீட்டர் தோளில் சுமந்து வந்திருந்தான். சட்டையில் கிரீஸும் செம்மண்ணும். என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறை முடிந்து வகுப்பு திறந்தபோது வேறு பெஞ்சில் உட்கார்ந்தான். 1969இல் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார்கள்.

இனி அமெரிக்கா.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் என்ற மாவட்டம். அங்கே எழுபதுகளில் சில இளைஞர்கள் 1930, 40களில் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலையிலிருந்து இறங்கினார்கள். கனமான இரும்பு வண்டி, தடித்த பலூன் டயர். அவர்களே அதை ஓட்டை வண்டி என்ற அர்த்தத்தில் 'கிளங்கர்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகை. ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு மண்பாதை, மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், சுமார் 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேரும்போது பின்சக்கர ஹப்பில் இருந்த கிரீஸ் புகைந்து ஆவியாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சவாரி. அப்படி 'மறுபடி அடைப்பது' என்பதே அந்தப் பாதைக்குப் பெயராகி 'ரீபேக்' ஆயிற்று. 1976 அக்டோபர் 21இல் அங்கே முதல் பந்தயம்.

எனக்கு அந்தக் கூட்டத்தில் மிகவும் பிடித்தவர் சார்லி கெல்லி. பந்தயம் நடத்தியவர் அவர். யார், எந்தத் தேதி, எத்தனை நிமிடம் எத்தனை நொடி என்று நோட்டில் எழுதி வைத்தார். குமாஸ்தா புத்தி! கேரி ஃபிஷரின் நேரம் 4 நிமிடம் 22 நொடி என்று இன்று உலகம் சொல்வது அந்த மாதிரிப் பதிவினால்தான். ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கென்றே புதிதாக ஃப்ரேம் செய்தார். 1979இல் ஃபிஷரும் கெல்லியும் 'மவுண்டன் பைக்ஸ்' என்ற பெயரில் கடையே போட்டார்கள். பாரிஸ் இளைஞர்களின் விளையாட்டு இருபத்தைந்து வருடம் முன்னால் நடந்தும் உலகத்துக்குத் தெரியாமல் போனதற்கும், இவர்கள் பெயர் நின்றதற்கும் நோட்டுப் புத்தகமும் கடையும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பந்தயத்தைவிட எனக்கு ருசியானது கொலராடோ கதை. கிரெஸ்டட் பியூட் என்ற சின்னச் சுரங்க ஊர். மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பென், பணக்கார ஊர். 1976இல் ஆஸ்பென் ஆட்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் பேர்ல் கணவாயைத் தாண்டி வந்து இவர்கள் ஊர் மதுக்கடை வாசலில் வண்டிகளை நிறுத்திப் பீற்றிக்கொண்டார்கள். கணவாயின் உயரம் 12,700 அடி. இவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் கிடந்த ஓட்டை சைக்கிள்களை எடுத்துக்கொண்டு, வழியில் ஓர் இரவு தங்கி, ஆஸ்பெனில் போய் நின்றார்கள். 1978இல் இதைக் கேள்விப்பட்டு கலிபோர்னியாவிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். கெல்லி, ஃபிஷர், பிரீஸ் அதில் உண்டு. வெண்டி கிராக் என்ற பெண்ணும் வந்தார், கேமராவோடு. ஆற்றைக் கடக்கும்போது எல்லோரும் நின்று, வண்டிகளைத் தூக்கிவிட்டு, மேலே போனார்கள். இரண்டு ஊர்க் கூட்டம் முதல் தடவையாகச் சேர்ந்த சவாரி அது. பந்தயம் இல்லை, மணி பார்க்கவில்லை.

பிறகு கூட்டம் பெருகியது, சண்டையும் வந்தது. எண்பதுகளில் மாரின் மாவட்டத்துக் குறுகிய பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் புகார் கொடுத்தார்கள். மண்பாதையிலும் மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று காவலர்கள் ராடார் துப்பாக்கியோடு நின்றார்கள்! 1988இல் கலிபோர்னியாவின் ஐந்து சங்கங்கள் ஒன்றாகி ஒரு பொது அமைப்பை உண்டாக்கின. நடப்பவருக்கு வழி விடு, பாதையைக் கெடுக்காதே, கெட்டால் நீயே மண்வெட்டி எடுத்துச் சரிசெய் என்பவை அங்கே விதிகளாயின. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது சேர்ந்தது. அதை நான் டிவியில் பார்த்தேன், அவ்வளவாகச் சுவைக்கவில்லை.

என் பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனுக்கு ரீபேக் தெரிந்திருக்கிறது, வெலோசியோ தெரியவில்லை. மழை பெய்த மறுநாள் அவர்கள் செம்மண் பக்கம் போவதில்லையாம். "சக்கரத் தடத்துல தண்ணி ஓடி ஓடையாயிடும் தாத்தா" என்றான். நாங்கள் மழை நின்ற அன்றே போனவர்கள்.

அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு மறுபடி மணிக்கூண்டுக்குப் போய் நின்றேன். காப்பி குடிக்கப் போனதாக வீட்டில் சொன்னேன். ஒவ்வொருவராக வந்தார்கள். எண்ணினேன். பன்னிரண்டு. பேரன் இருந்தான், இருந்தும் நான் நகரவில்லை. இருபது நிமிடம் கழித்து, கோட்டக்குப்பம் பக்கமிருந்து அந்தக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி செயின் அறுந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் அந்த ஐம்பது வயதுக்காரர். அவர் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அவரும் இறங்கி, தள்ளிக்கொண்டு, நடந்து வந்தார்.