ஒன்றரை மணி நேரம்: திரைக் கட்டுப்பாட்டின் ஒரு சிறு வரலாறு

மகாராட்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு சிற்றூர். 2022 ஆகஸ்டில் அவ்வூர்க் கோயிலின் மேலிருந்து நாள்தோறும் மாலை 7 மணிக்குச் சைரன் ஒலிக்கத் தொடங்கியது. ஒலி கேட்டதும் வீடுகளில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட வேண்டும். 8.30 மணிக்கு மறுபடியும் ஒலிக்கும்வரை பிள்ளைகள் படிப்பார்கள். பலரும் இதை ஒரு விநோதச் செய்தியாகப் படித்துக் கடந்துவிட்டோம். இதற்கு நெடிய முன்வரலாறு உண்டு.

1975-76இல் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளின் துணையுடன் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. 'சைட்' எனப்பட்ட அச்சோதனையில் பெட்டி ஊருக்குப் பொது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊராருக்குமாக நாளொன்றுக்கு 4 மணி நேர அளவிலேயே ஒளிபரப்பு. 1980களில் பெட்டி வீட்டுக்குள் வந்தது. எனினும் தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளை முடித்தால் திரையும் அடங்கியது. 1990களின் செயற்கைக்கோள் அலைவரிசைகள் கால எல்லையை அழித்தன. 2016க்குப் பின் மலிந்த இணையத் தரவு இட எல்லையையும் அழித்தது.

2020இல் பள்ளியே கைப்பேசிக்குள் புகுந்தது. அவ்வாண்டு ஜூலையில் நடுவண் அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல், 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 30-45 நிமிட அமர்வுகள் நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்றது. அது இணையவழி வகுப்புக்கான அளவு. வகுப்பு முடிந்தபின் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்ட கருவிக்கன்று.

ஆக, நெடுங்காலம் திரைக்கு அளவு வகுத்தது பற்றாக்குறையே. அது நீங்கியபோது, முன்பழக்கமற்ற வீட்டின்மீது அப்பொறுப்பு விழுந்தது. வீட்டுக்குத் தெரிந்த வழி ஏவல் ஒன்றே: 'கைப்பேசியை வை.' சொல்பவரின் கையிலும் அதுவே இருப்பதால் ஏவல் வலுவிழக்கிறது.

வட்காவிலும் முதலில் ஆண்கள் இந்த யோசனையைக் கேட்டுச் சிரித்தார்கள் என்கின்றன செய்திகள். தாங்களும் தொடர்களுக்கு அடிமையாகக் கூடும் என்று பெண்கள் ஒப்புக்கொண்ட பின்னரே முடிவு உறுதிப்பட்டது. மொழியியல் மாணவனாக இங்கே ஒன்றைக் கவனிக்கிறேன். கேட்பவரையும் உள்ளடக்கும் தன்மைப் பன்மையை மராத்தி தமிழைப் போலவே வேறுபடுத்துகிறது: நமக்கு 'நாம்', அவர்களுக்கு 'ஆபண்'. அந்தச் சைரன் சொன்னது 'நிறுத்து' என்பதன்று, 'நாம் நிறுத்துவோம்' என்பதே.

நம் வீடுகளில் தோற்றுப்போகும் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் முன்னிலையில் சொல்லப்பட்டவை. இப்பதிவை இரவு உணவு வேளையில், கைப்பேசியில்தான் எழுதுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.