கடின வேலை தவிர்க்கவும்: ஒரு வரியும் அதன் வரலாறும்

1)
கொஞ்சம் நீளமான த்ரெட். உங்கள் வீட்டில் யாருக்காவது இதய வால்வு ஆபரேஷன் நடந்திருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன மாதம் எங்கள் ஓ.பி.க்கு ஒரு அக்கா வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. உசிலம்பட்டி பக்கம் கிராமம். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிற வேலை. மைட்ரல் வால்வு சுருங்கிப் போய், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது.

எக்கோ நன்றாக இருக்கிறது. ஐ.என்.ஆர். சரியாக இருக்கிறது. ரத்தசோகை இல்லை. ஆனால் பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

2)
"வீட்டுல என்னென்ன வேலை செய்றீங்கக்கா?"

"ஒண்ணும் செய்றதில்ல சார். தண்ணிக்குடம்கூட மகதான் தூக்குறா. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அவளே பாத்துருவா. நான் உக்காந்தேதான் இருக்கேன்."

"யாரு அப்படி இருக்கச் சொன்னா?"

மஞ்சப்பையிலிருந்து பழைய ஓ.பி. சீட்டை எடுத்து நீட்டினார். "நீங்கதான் சார்."

கடின வேலை தவிர்க்கவும். என் கையெழுத்துதான்.

எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. எது கடினம் என்றும் எழுதவில்லை. கூட்டம் நிறைந்த ஒரு காலையில் ஐந்து நொடியில் எழுதிய வரி. அவர் ஒன்றரை வருஷம் அதற்குக் கட்டுப்பட்டு இருந்திருக்கிறார்.

3)
இந்த வரி நான் கண்டுபிடித்தது இல்லை. மருத்துவ உலகமே பல பத்தாண்டுகள் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது, எப்படித் தப்பென்று தெரிந்தது என்பதுதான் இந்த த்ரெட்.

வேடிக்கை என்னவென்றால் ஆரம்பத்தில் இப்படி இல்லை. நடந்தால் வருகிற நெஞ்சுவலியை 1772-ல் விவரித்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். அவர் இறந்தபின் 1802-ல் வெளிவந்த நூலில் ஒரு குறிப்பு உண்டு: தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்த ஒரு நோயாளி கிட்டத்தட்ட குணமாகிவிட்டாராம். இதய நோய்க்கு உடற்பயிற்சி என்பதற்குப் பழைய சாட்சிகளில் இது ஒன்று. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

4)
1912-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹெரிக், மாரடைப்பு என்றால் என்ன, அதிலிருந்து ஆள் பிழைக்கவும் முடியும் என்று எழுதினார். பிழைத்தவரை எப்படிப் பார்த்துக்கொள்வது? செத்துப்போன இதயத் தசை தழும்பாக இறுக ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதற்குள் அசைந்தால் இதயம் கிழிந்துவிடும் என்று பயந்தார்கள்.

அதனால் ஆறு வாரம் படுக்கை. பல இடங்களில் திரும்பிப் படுக்கக்கூட அனுமதி இல்லை. சாப்பாட்டை நர்ஸ்தான் ஊட்டணும். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் இறந்தவர்கள் உண்டு. காப்பாற்றப் போட்ட படுக்கையே ஆளைக் கொண்டுபோனது.

5)
இதை உடைத்தவர்கள் பாஸ்டன் நகரின் சாமுவேல் லெவைனும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லோனும். மாரடைப்பு வந்தவர்களைச் சீக்கிரமே தூக்கி, கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் சிகிச்சை! 81 நோயாளிகளிடம் செய்து 1952-ல் வெளியிட்டார்கள். மற்ற டாக்டர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் உட்கார்ந்தவர்களின் இதயம் கிழியவில்லை.

6)
இது மாரடைப்புக் கதை. வால்வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் அதே லெவைன்தான்.

1923-ல் அதே பாஸ்டனில் எலியட் கட்லர் என்ற சர்ஜன், மைட்ரல் வால்வு சுருங்கிய 12 வயதுச் சிறுமிக்கு ஆபரேஷன் செய்தார். உலகில் வெற்றிகரமாக நடந்த முதல் வால்வு அறுவை சிகிச்சை அது. கூட இருந்த மருத்துவர் லெவைன். அந்தச் சிறுமி நான்கு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தாள். ஆனால் அடுத்தடுத்து செய்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்ததால் முயற்சி கைவிடப்பட்டது. 1948-ல்தான் மறுபடி சூடு பிடித்தது.

7)
இப்போது நம் ஊருக்கு வருவோம்.

அங்கே மாரடைப்பு முதியவர்களின் நோயாக இருந்தபோது, இங்கே வால்வு நோய் இளம் வயதினரின் நோயாக இருந்தது. சின்ன வயதில் தொண்டைப்புண், அப்புறம் மூட்டுவலியோடு ருமாட்டிக் காய்ச்சல், பத்து இருபது வருஷம் கழித்து வால்வு சுருக்கம். நெருக்கடியான வீடு, போதாத வருமானம் இருக்கும் இடத்தில் அதிகம் வரும் நோய் இது. மாதாமாதம் பென்சிலின் ஊசிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறோம்.

வேலூர் சி.எம்.சி.யில் 1950-களிலிருந்து, நெஞ்சின் இடப்பக்க விலா இடுக்கு வழியாக உள்ளே போய், துடிக்கிற இதயத்தை நிறுத்தாமலே சுருங்கிய வால்வை விரித்துவிட்டார்கள். ஹார்ட் லங் மெஷின் தேவையில்லை. இப்படிச் சிகிச்சை பெற்ற 3,724 பேரின் விவரத்தை 1983-ல் உலகுக்குச் சொன்னார்கள். ஏழை நாட்டுக்கு ஏற்ற வைத்தியம் அது.

8)
விரிக்க முடியாத அளவுக்குக் கெட்டுப்போன வால்வை மாற்றத்தான் வேண்டும். 1960-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற சர்ஜனும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற இன்ஜினியரும் கூண்டுக்குள் பந்து வைத்த செயற்கை வால்வைப் பொருத்தினார்கள். அவர்களுடைய ஆரம்ப கால நோயாளி ஒருவர் அதோடு சுமார் பத்து வருஷம் வாழ்ந்தார். எப்படி இறந்தார் தெரியுமா? வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து. வால்வு அவரை ஏணி ஏறுகிற அளவுக்கு வைத்திருந்தது!

இறக்குமதி வால்வு நம்மவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழு மூன்று மாடல்களில் தோற்று, நாலாவதில் ஜெயித்தது. 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னை டி.டி.கே. நிறுவனம் தயாரித்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் அந்த சித்ரா வால்வு 'டிக் டிக்' என்று ஓடியிருக்கிறது.

9)
ஆக, கதவைச் சரிபண்ணக் கற்றுக்கொண்டோம். கதவைத் திறந்து வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டோம்.

1966-ல் அமெரிக்காவின் டல்லஸில் ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. 30 வருஷம் கழித்து அதே 5 பேரைச் சோதித்தார்கள். 30 வருஷ முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்! பிறகு ஆறு மாதப் பயிற்சியில், வயதால் இழந்ததை அவர்கள் மீட்டுவிட்டார்கள்.

நோயில்லாத இளைஞனுக்கே மூன்று வாரத்தில் இந்தக் கதி என்றால், ஏற்கெனவே பல வருஷம் மூச்சுத்திணறலோடு இருந்து, அதற்கு மேல் ஒன்றரை வருஷம் உட்கார்ந்தே இருந்த அந்த அக்காவுக்கு? அவருக்கு மூச்சு வாங்குவது வால்வால் இல்லை. தசையால்.

10)
"நடந்தா வால்வு தேஞ்சு போகாதா சார்?" என்று அவர் கேட்டார். நியாயமான பயம். கணக்குப் போட்டுக் காட்டினேன்.

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. அரை மணி நடையில் நிமிஷத்துக்கு 25 துடிப்பு கூடினால் அதிகப்படி 750 தான். நூற்றில் ஒன்றுகூட இல்லை. பயிற்சியால் ஓய்வு நேரத் துடிப்பு நிமிஷத்துக்கு இரண்டு குறைந்தாலே நாளுக்கு 2,880 மிச்சம். நடப்பது செலவு இல்லை, சேமிப்பு.

கோபன்ஹேகனில் வால்வு ஆபரேஷன் ஆன 147 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வந்தது. 12 வாரம் பயிற்சி எடுத்தவர்களின் உடல்திறன் கூடியது. மனநிலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. ஆனால் படி ஏற வைக்கும்.

11)
சரி, என்ன செய்யலாம்? (உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு.)

▪️முதல் 6 முதல் 12 வாரம்: நெஞ்செலும்பு கூடும் காலம். குடம், சிலிண்டர், பிள்ளையைத் தூக்குவது கூடாது. ஒற்றைக் கையால் இழுக்கக் கூடாது. பைக் ஓட்டக் கூடாது. ஆனால் நடக்கலாம். ஐந்து நிமிஷம், நாளுக்கு மூன்று நாலு தடவை. பிறகு மெல்லக் கூட்டி ஒரே நடையாக அரை மணி.

▪️வேகம்: நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது.

▪️இடம்: தெப்பக்குளத்தைச் சுற்றுங்கள், ரேஸ்கோர்ஸ் போங்கள், கிராமத்தில் கம்மாய்க்கரை இருக்கிறது. மதுரை வெயிலில் வேண்டாம். விடியற்காலை அல்லது சாயங்காலம்.

▪️எலும்பு கூடிய பிறகு டாக்டர் சொன்னால் எடை தூக்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாக. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கக் கூடாது.

▪️அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கபடி மாதிரி அடிபடும் விளையாட்டு வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

உடனே ஆஸ்பத்திரி வரவேண்டியது: விடாத காய்ச்சல், திடீர் மூச்சுத்திணறல், மயக்கம், முகம் கை கால் கோணல், காயத்தில் சீழ், நெஞ்செலும்பு அசைவது போன்ற உணர்வு, வழக்கமாகக் கேட்கும் வால்வு 'டிக்' சத்தம் மங்குவது.

12)
அந்த அக்கா கடைசியாகக் கேட்டது: "அப்ப பூ எடுக்கப் போகலாமா சார்?"

"இப்பவே முழு நாளும் வேண்டாம்க்கா. இந்த மாசம் நடங்க. அடுத்த மாசம் ஒரு மணி நேரம் போய்ப் பாருங்க. மூடை மட்டும் தூக்காதீங்க."

பழைய சீட்டை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, தேதி போட்டு எழுதினேன்: "தினமும் நடக்கவும். 4 வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்."

போன வாரம் வந்தார். கம்மாய்க்கரையில் இருபது நிமிஷம் நிற்காமல் நடக்கிறாராம். பூ எடுக்க இன்னும் போகவில்லை. ஆனால் மகள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் வீட்டு வேலையை இவரே முடித்துவிடுகிறார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். "தவிர்க்கவும்" என்று மட்டும் இருந்தால், அதை எழுதிய டாக்டரிடம் போய் "எதுவரைக்கும் சார்?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.