புகையிலை: வந்த வழியும் விடும் வழியும்

விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டை நீட்டுவது நெல்லைச் சீமையின் பழைய மரியாதை. தாமிரபரணி கடலை நெருங்குமிடத்திலுள்ள ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தத் தட்டில் புகையிலையும் இருப்பதால், அதுவும் வெற்றிலையைப் போலவே தொன்மையானது என்று எண்ணுவோர் உண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனின் இறுதி உணவுக்குப் பின் கண்ணகி அளிப்பது வெற்றிலையும் பாக்கும் மட்டுமே.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. சாத்தான்குளத்துக்குத் தென்கிழக்கே உள்ள மணப்பாடு உள்ளிட்ட முத்துக்குளித்துறையில் 16ஆம் நூற்றாண்டிலேயே அவர்களது செல்வாக்கு வேரூன்றியிருந்தது. வடக்கே, முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617இல் புகைப்பழக்கத்தைத் தடைசெய்து ஆணையிட்டார். ஆணை ஓய்ந்தது, பழக்கம் ஓயவில்லை.

தமிழகத்தில் இந்தப் புதிய இலைக்குப் புராணப் பெருமையே கிடைத்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' பாடினார். சிவனின் வில்வம் கங்கையில் போயிற்று, திருமாலின் துளசி பாற்கடலில் போயிற்று, பிரமனின் இலை மட்டும் போகவில்லை என்று, 'போகையிலை' என்னும் சொல்லை வைத்து அந்நூல் விளையாடுகிறது. உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். வேடிக்கையாகச் சொன்னதாயினும், வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டதை அது நன்றாகவே காட்டுகிறது.

மரியாதையிலும் பாட்டிலும் இடம்பெற்ற புகையிலை, 20ஆம் நூற்றாண்டில் நெல்லையின் கூலியிலும் புகுந்தது. முக்கூடல், மேலப்பாளையம், கடையம் வட்டாரங்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மடியில் தட்டுடன் பீடி சுற்றினர். வெளிமாநிலத்து இலையும் தூளும் வரும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இவர்களுக்காக 1966இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஒருவர் விடும் பழக்கம் இன்னொருவரின் அடுப்பைத் தொடுகிறது என்பதை இங்கே மறந்து பேச முடியாது.

ஆனால் மறுபக்கக் கணக்கு கடுமையானது. 2009-10க்கும் 2016-17க்கும் இடையே இந்தியாவில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 ஆகக் குறைந்தனர். தமிழகத்திலோ 16.2 இலிருந்து 20 ஆக உயர்ந்தனர். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் 2004ஆம் ஆண்டு அறிக்கை, 40 வயதில் சிகரெட்டை விட்டவர்கள் ஏறத்தாழ 9 ஆண்டு ஆயுளை மீட்டதாகச் சொல்கிறது. 60 வயதில் விட்டவர்களுக்கும் 3 ஆண்டு மிஞ்சியது. தட்டிலிருந்து புகையிலையை மட்டும் எடுத்தால் போதாது என்பதும் அதே ஆண்டில் உறுதியாயிற்று: பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

விடுவதற்குத் துணையும் உண்டு. 2002இல் நாடெங்கும் தொடங்கிய புகையிலை விடுவிப்பு மையங்களுள் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் ஒன்று. அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356.

ஜஹாங்கீரின் ஆணை தோற்றதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆணை புகைப்பவனிடம் மட்டுமே பேசியது. நெல்லையில் புகையிலை விருந்திலும் கூலியிலும் கலந்திருக்கிறது. தட்டில் வைப்பதை வீட்டார் நிறுத்தவேண்டும். பீடி சுற்றும் கைகளுக்கு வேறு வேலை வரவேண்டும். நானூறு ஆண்டுப் பழக்கம்தான் இது. அதற்கு முன்பும் நாம் விருந்தோம்பிக்கொண்டுதான் இருந்தோம்.