256 ஜி.பி. போதுமா சார்?



உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் 1956-இல் வந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்ற தன் கணினியோடு சேர்த்துக் கொடுத்தது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே தண்டில் சுழலும். எடை ஏறக்குறைய ஒரு டன். இத்தனையும் எதற்கு? 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்க. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதை நிரப்பிவிடும்.

ஆனால் அன்று கணக்கு எழுதியவர்களின் கண்ணால் பாருங்கள். ஓர் அட்டைக்கு 80 எழுத்து என்று துளையிட்ட அட்டைகளில்தான் அவர்கள் வேலை ஓடியது. 62,500 அட்டைகள் கொள்ளும் விஷயம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டது. கட்டைப் பிரித்துத் தேட வேண்டாம், வேண்டிய கணக்கை நேரே எடுக்கலாம். அவர்கள் வேலைக்கு அது பெரிய இடம்தான்.

இப்போது இதைச் சொல்லக் காரணம், என்னிடம் படித்த ஒருவர் போன வாரம் போன் செய்தார். ஆட்டோ ஓட்டுகிறார். மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள், லேப்டாப் வேண்டும். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ளது ஒரு விலை, 512 என்றால் சில ஆயிரம் கூடுதல். அந்தச் சில ஆயிரம் அவருக்கு ஒரு மாத வீட்டு வாடகை. "256 போதுமா சார்?" என்றார்.

எஸ்.எஸ்.டி.யின் கதை முழுக்க இந்தக் கேள்விதான். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா 1980-களில் ஃப்ளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். 1991-இல் சன்டிஸ்க் நிறுவனம் ஐ.பி.எம். லேப்டாப்புக்காகச் செய்த எஸ்.எஸ்.டி. வெறும் 20 எம்.பி., விலையோ சுமார் 1,000 டாலர். 2007-இல் ஏசுஸ் 'ஈ பிசி' 4 ஜி.பி.யோடு வந்தது. லினக்ஸில் இணையம் பார்க்கவும் எழுதவும் அது போதும். விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றினால் அதற்கே ஒன்றரை ஜி.பி. போய்விடும்.

எனக்குப் பிடித்தது 2008 கதை. ஆப்பிளின் மேக்புக் ஏர் 80 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. 64 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வேண்டுமானால் 999 டாலர் கூடுதல்! குறைந்த இடத்துக்கு அதிக விலை. அதையும் வாங்கினார்கள். சுழலும் பாகம் இல்லை, அதிர்ந்தாலும் கவலை இல்லை, வேகம் வேறு. அவர்களுக்கு இடம் இரண்டாம்பட்சம்.

சரி, 256-க்கு வருவோம். வாங்கிய பின் கணினி 238 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இந்தக் குழப்பம் தீர 1998-இல் 'கிபிபைட்' என்றெல்லாம் புதுப் பெயர் வைத்தார்கள். வரலாற்று வாத்தியாருக்குக் 'கிபி' என்றால் கிறிஸ்துவுக்குப் பின்தான்!

விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜி.பி. கேட்கிறது. நிரம்பி வழிந்தால் எஸ்.எஸ்.டி. மந்தமாகும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுவது நல்லது. மீதி ஏறத்தாழ 125. பாடக் குறிப்பு, பி.டி.எஃப்., டேலி, எக்செல் எல்லாம் அதில் ஒரு மூலையில் அடங்கும். 4 எம்.பி. போட்டோ பத்தாயிரம் வைத்தாலும் 40 ஜி.பி.தான். வீடியோ எடிட்டிங் படிப்பவள் என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். பெரிய கேம் ஒன்றே 100 ஜி.பி. தின்னும்.

அதனால் 256 வாங்கச் சொன்னேன். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதிக்கு வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று. பழைய டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போடும். எஸ்.எஸ்.டி. பல நேரம் சொல்லாமல் போய்விடும், உள்ளே இருப்பதை மீட்பதும் கடினம். புராஜெக்ட் எல்லாம் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது: எஸ்.எஸ்.டி. கழற்றி மாற்றக்கூடியதா, போர்டிலேயே பற்றவைத்ததா? மாற்றலாம் என்றால் இரண்டு வருடம் கழித்துப் பெரிதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பற்றவைத்தது என்றால் வேறு மாடல் காட்டச் சொல்லுங்கள்.