கலா: ஒரு பெயரும் பெயரில்லாத உருமிகளும்

அருளர் எழுதிய 'லங்கா ராணி'யைப் படித்தவர்கள் நம்மில் சிலராவது இருப்பார்கள். 1977 ஆகஸ்ட் வன்முறைக்குப் பிறகு கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலைப் பற்றிய நாவல். எழுதியவர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஈழ அரசியல் வாசிப்போடு சேர்த்து அந்த நாவலை ஞாபகம் வைத்திருக்கிற நாம், அவரது மகள் 2005இல் தன் முதல் இசைத்தட்டுக்கு 'அருளர்' என்றும் 2007இல் அடுத்த தட்டுக்குத் தாயின் பெயரையே 'கலா' என்றும் வைத்ததை வாசிக்க வேண்டிய விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை. நாவல் என்றால் பிரதி, ராப் பாட்டு என்றால் பொழுதுபோக்கு. பழைய தமிழ்த்துறைப் புத்தி. எனக்கும் அது இருந்தது; எம்.ஏ. தமிழ் படித்தவன் இல்லையா.

மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். 1986இல் தாயுடன் அகதியாக லண்டன் திரும்பினார். தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். மகள் வைத்துக்கொண்ட எம்.ஐ.ஏ. என்கிற மேடைப் பெயர், போரில் காணாமற்போனவரைக் குறிக்கும் ராணுவச் சுருக்கம். முதல் தட்டு தகப்பனைப் பற்றியது, ஆண்தன்மை கொண்டது, இரண்டாவது பெண்களைப் பற்றியது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அரசியல் என்றால் இயக்கம், துவக்கு, தலைமறைவு என்று எழுதப்பட்டு வந்த வரலாற்றில், தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் ஓர் இசைத்தட்டின் தலைப்பாவது சின்னக் காரியமல்ல.

'கலா' உருவான கதையில் முதல் காரணகர்த்தா அமெரிக்க அரசுதான். அங்கே தங்கி டிம்பலாண்டுடன் சேர்ந்து தட்டை உருவாக்குவது என்றிருந்தது திட்டம். 2006இல் விசா சிக்கலானது. தகப்பனின் அரசியலும் பாட்டுகளின் சொற்களும் அதற்குக் காரணம் என்று பேசப்பட்டது. உள்ளே விடவில்லை என்றதும் அவர் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று அலைந்தார். போன இடத்தில் கிடைத்த ஓசைகளைப் பதிந்துகொண்டார். டிம்பலாண்டோடு கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பாட்டு. ஓர் எல்லைக்காவல் அலுவலகம் போட்ட தடை ஓர் இசைவடிவத்தைத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையாகாது. 'உலக இசை' என்கிற கடை அலமாரிப் பெயரை 1987இல் லண்டனில் ஒரு மதுக்கடையில் கூடி முடிவு செய்தவர்கள் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள். அந்த அலமாரியில் உட்கார மறுத்த தட்டு இது. தாரையையும் தம்பட்டத்தையும் புனிதப் பொருளாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. மின்னணு இரைச்சலோடு மோத விட்டது. ஆஸ்திரேலியாவின் வில்கானியா ஊர்ப் பழங்குடிச் சிறுவர்களின் ராப், 1982இல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' படத்து இந்திப் பாட்டு, லண்டன் நைஜீரியப் பையன் ஒருவனின் குரல் எல்லாம் அக்கம்பக்கமாக நிற்கின்றன.

சென்னையில் ரஹ்மானோடு சேர்ந்து செய்யும் எண்ணம் கைகூடவில்லை. ஆனால் அவருடைய ஸ்டூடியோ கிடைத்தது. உள்ளூர் மேளக்காரர்களை வைத்து உருமியைப் பதிந்தார்கள். 'பேர்ட் ஃப்ளூ' பாட்டின் முதுகெலும்பு அதுதான். 2003இல் வந்த 'ஜெயம்' படப் பாட்டின் ஒரு துண்டும் அதில் இருக்கிறது. 2008இல் ஒரு நண்பனின் அறையில், கம்ப்யூட்டரோடு வந்த சின்ன ஸ்பீக்கரில் இதைக் கேட்டபோது என் உடம்புக்கு முதலில் தெரிந்தது, புத்திக்குப் பிறகுதான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருமே ஒரு உறுமல், எங்க ஊர்த் திருவிழாவில் சாமி வரும் நேரத்தில் கேட்டது. (ஆங்கிலத்தில் சிலர் உருமியைக் கானா பாட்டின் வாத்தியம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கானா வடசென்னையுடையது, உருமி அதற்கு வெகுதூரம் தள்ளி, மதுரை திண்டுக்கல் பக்கத்துக் கோயில் கொடைகளிலும் தேவராட்டத்திலும் முழங்குவது.)

எனக்குள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நான் படித்த மதிப்புரைகள் ஒவ்வொன்றிலும் உருமி இருக்கிறது. உருமி அடித்த ஒருவரின் பெயரும் இல்லை. இதே தட்டில் 'பேப்பர் பிளேன்ஸ்' என்கிற பாட்டு, தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் மெட்டின் மேல் நிற்கிறது. அதனால் அக்குழுவினர் பாட்டின் ஆசிரியர்களாகவே பதிவாகியிருக்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் காப்புரிமைச் சட்டத்தின் காதுக்கு மெட்டும் வரியும் 'படைப்பு', அடி என்பது வெறும் 'வேலை'. மெட்டுக்காரனுக்குப் பங்கு, அடிக்கிறவனுக்குக் கூலி. இந்தப் பிரிவினையை ஏதோ மேற்கத்திய சதி என்று நாம் சொல்லித் தப்பிக்க முடியாது. தோலைத் தொட்டவனைப் பந்தியில் தள்ளிவைத்து, வீணைக்காரனை வித்வான் ஆக்கிய ஊர் நம்முடையது. தமிழ் சினிமா பல ஆண்டுகளாக இந்த அடியை 'கிராமத்து எஃபெக்ட்' என்று பயன்படுத்தி வந்திருக்கிறது. சட்டமும் சாதியும் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், பெயர் மறைக்கப்படுவதன் வலி எம்.ஐ.ஏ.வுக்குத் தெரியாததல்ல. முதல் தட்டின் மூளை, அவரோடு வேலை செய்த டிப்ளோ என்கிற வெள்ளை அமெரிக்க டீஜேதான் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. டிப்ளோவைச் சந்திப்பதற்கு முன்பே ஒரு சின்ன ரோலண்ட் கருவியில் தன் பாட்டுகளை அவர் கட்டியிருந்தார். 2007இல் ஒரு நேர்காணலில் இதைக் கோபமாகச் சொன்னார். மூன்றாம் உலகப் பெண்ணுக்குத் தாளம் வரும், மூளை வேலைக்கு ஒரு ஆம்பளை வேணும் என்கிற கருத்தியலை அவர் சரியாகவே பிடித்தார். அந்தக் கோபத்தை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். அது உருமிக்காரர்கள் வரை நீண்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

சில வருஷம் கழித்து எங்கள் பக்கத்து ஊர் உருமிக்காரர் ஒருவருக்கு இந்தப் பாட்டை செல்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "அடி சுத்தமா இருக்கு. ஆனா ஏத்திக்கிட்டே போயி எறக்காம விட்டுட்டாங்களே," என்றார். பிறகு, "அடிச்சது எந்த ஊரு செட்டு?" பதில் என்னிடம் இல்லை.

'கலா' 2007 ஆகஸ்டில் வெளியானது. அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் அந்த ஆண்டின் சிறந்த தட்டு என்றது. சந்தை ஜெயித்த விதம் வேறு. குடியேறிகளைத் திருடர்களாகவும் பயங்கரவாதிகளாகவும் பார்க்கிற கண்ணைக் கிண்டல் செய்யும் 'பேப்பர் பிளேன்ஸி'ல் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் பல்லவியாகவே வரும். தொலைக்காட்சியில் பாடியபோது துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள். கல்லாப்பெட்டி யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அப்புறம் 2008இல் ஒரு கஞ்சா நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் இந்தப் பாட்டைப் போட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. 'ஸ்லம்டாக் மில்லியனரு'ம் எடுத்துக்கொண்டது. விசா கிடைக்காதவளின் நையாண்டி, விசா தேவைப்படாதவர்களின் கொண்டாட்டப் பாட்டானது.

2009 பிப்ரவரி 8, கிராமி மேடை. நிறைமாத வயிற்றோடு நான்கு ராப் பாடகர்கள் நடுவே அவர் பாடினார். அந்த மாதத் தொடக்கத்தில்தான் வன்னியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது குண்டுகள் விழுந்தன. அந்த நாட்களில் கிடைத்த ஒவ்வொரு பேட்டியிலும் அவர் அதைப் பேசினார், இனப்படுகொலை என்றே சொன்னார். உடனே தொனி மாறியது. புலி ஆதரவாளர் என்றார்கள். தகப்பன் ஈரோஸ் என்பதும் ஈரோஸ் வேறு புலி வேறு என்பதும் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. 2010இல் நியூயார்க் டைம்ஸின் வார இதழ், அவர் ஆடம்பர உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டபடி ஏழைகளைப் பற்றிப் பேசுவதாகக் காட்டியது. வறுவலை வாங்கச் சொன்னதே நேர்கண்டவர்தான் என்பதற்கு ஒலிப்பதிவை வெளியிட்டார். ஓசை எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம், கூடவே ஊர்ப் பெயர் வரக்கூடாது. பல்லவியில் சுட்டால் ரசனை. எங்கே சுடுகிறார்கள் என்று சொன்னால் பிரச்சாரம்.

இதை எழுதிவிட்டு அங்கேயே நிறுத்தினால் நான் நேர்மையில்லாதவன். 2009 ஜனவரி 29இல் சென்னையில் முத்துக்குமார் தீக்குளித்தார். கல்லூரிகள் கொதித்துக்கொண்டிருந்தன. நாங்கள் ஒரு உண்ணாவிரதப் பந்தலில் இருந்தோம். கிராமி நிகழ்ச்சியின் படம் ஒரு செல்போனில் கைமாறி வந்தது. உடல் தெரியும் மெல்லிய துணி, அதில் கறுப்பு வட்டங்கள், பெரிய வயிறு. ஈழத்தைப் பற்றி உலக மேடைகளில் பேசுகிற ஒரே பிரபல முகம் அவளுடையதாக இருக்கலாம் என்பது அங்கிருந்த பலருக்கும் தெரியும். எங்களில் மூத்த தோழர், பெண் விடுதலை பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர், படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ளத்தாச்சி இப்படியா உடுத்துவா? இவ எப்படிங்க தமிழச்சி?"

பந்தலில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'லங்கா ராணி' என் பையில் இருந்தது; எழுதியவர் இவளுடைய அப்பா என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.